சம்பளமில்லாத சுவை நடுவர்கள்: பயிற்சியும் நெறிமுறையும் உருவான வரலாறு

மைசூருவின் தேவராஜ மொஹல்லாவில், ரயில் அருங்காட்சியகத்துக்கு எதிர்ப்புறம், செலுவாம்பா மாளிகை இருக்கிறது. மைசூர் அரச குடும்பத்து இளவரசி ஒருவருக்காக எழுப்பப்பட்ட அந்த மாளிகையில்தான் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950 அக்டோபர் 21 அன்று தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை உருவாக்கிய நிறுவனம் என்று பலரும் இதை அறிவர். மனித நாவையும் மூக்கையும் நம்பத்தக்க அளவுகோல்களாக மாற்றுவதற்கு இங்கு நடந்த நீண்ட முயற்சி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அம்முயற்சியை, கடல் கடந்து நடந்த மற்றொரு முயற்சியின் அருகில் வைத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம். அந்த மற்றொன்று, வீட்டில் காய்ச்சிய பீர்களுக்கான போட்டிகளில் ஊதியமின்றித் தீர்ப்புச் சொல்லும் தன்னார்வ நடுவர்களின் அமைப்பு.

இரண்டுக்கும் அடிப்படைச் சிக்கல் ஒன்றே. தராசு தவறினால் எடைக்கற்களைக் கொண்டு திருத்தலாம். நாக்கு தவறினால் எதைக் கொண்டு திருத்துவது? ஒருவர் புளிப்பு என்று எழுதியதை மற்றவர் துவர்ப்பு என்று எழுதினால், பிழை பொருளில் உள்ளதா, நாவில் உள்ளதா, சொல்லில் உள்ளதா? இக்கேள்விக்குக் கடந்த ஒரு நூற்றாண்டில் படிப்படியாக மூன்று விடைகள் உருவாயின: நடுவரைச் சோதித்தல், சொல்லை வரையறுத்தல், நடுவர்களுக்கு மேல் ஒரு நெறிமுறையை நிறுவுதல்.

முதல் விடை ஒரு பீர் ஆலையிலிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் 1940களில் முக்கோணச் சோதனை என்னும் முறை உருவானது. சுவைப்பவர் முன் மூன்று குவளைகள் வைக்கப்படும். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று அவர் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக அமையக்கூடும். ஆகவே பன்னிரண்டு முறை சோதித்தால் நான்கு சரியான விடைகளுக்கு எந்த மதிப்பும் இல்லை. குறைந்தது எட்டாவது சரியாக இருந்தால்தான் வேறுபாட்டை உணர்ந்தார் என்று புள்ளியியல் ஏற்கும். இந்த எளிய ஏற்பாட்டின் மூலம் பொருளைச் சோதிக்கும் முன் சோதிப்பவரைச் சோதிக்க முடிந்தது. பதவியோ வயதோ அனுபவமோ இங்கு துணைக்கு வரா. 1946இல் ஹெல்ம், ட்ரோல் ஆகிய இருவரும் சுவைஞர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்க ஆவணங்களுள் ஒன்று.

அடுத்து, விருப்பத்தையும் விவரிப்பையும் பிரிக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் படைவீரர்களின் உணவை ஆராய்ந்தவர்கள் உருவாக்கிய ஒன்பது படி விருப்ப அளவுகோலைப் பெர்யாமும் பில்கிரிமும் 1957இல் விரிவாக வெளியிட்டனர். உங்களுக்கு இது எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது அதன் கேள்வி. இதற்குப் பயிற்சி பெற்றவர் தேவையில்லை. பயிற்சி பெறாதவரே தேவை. பயிற்சி பெற்ற நடுவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதே. தனக்குப் பிடிக்காததை நேர்மையாக விவரிப்பவர்தான் நல்ல நடுவர்.

மைசூருவில் இச்சிக்கல் மிளகாயின் வடிவில் எழுந்தது. 1912இல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில், மிளகாய்ச் சாற்றை இனிப்பு நீரில் மேன்மேலும் நீர்த்து, காரம் உணரப்படும் எல்லையைக் கொண்டு அதை அளக்கும் முறையைத் தந்தார். முறை எளிது, ஆனால் நாக்கு சோர்வடையும், காரத்துக்குப் பழகியும் போகும். ஒரே மிளகாய்க்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண்களைத் தரலாம். உணவு ஆராய்ச்சி நிறுவனத்தின் வி.எஸ். கோவிந்தராஜனும் அவருடன் பணியாற்றியோரும் இச்செயல்முறையைத் தரப்படுத்தி 1977இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் மிளகாயின் ஸ்கோவில் குறியீட்டைக் கணிப்பதற்கான பன்னாட்டுத் தரமும் வந்தது. அதற்கு முன்பே இந்தியத் தர நிறுவனம் புலனுணர்வு மதிப்பீட்டுக்கான கலைச்சொல் தொகுதியை 1969இலும், சோதனைக் கூடம், முறைகள், மதிப்பீட்டு அட்டைகள் குறித்த வழிகாட்டியை 1971இலும் வெளியிட்டிருந்தது.

இதில் பணயமாக இருந்தது வெறும் எண் அன்று. நிறம் மிகுந்து காரம் குறைந்த பியாடகி மிளகாயும், காரம் மிகுந்த குண்டூர் மிளகாயும் வெவ்வேறு காரணங்களுக்காக வாங்கப்படுகின்றன. இன்று கருவிகள் காரத்தை நேரடியாக அளக்கின்றன. ஆனால் அக்கருவிகளின் எண்ணுக்குப் பொருள் தந்தது பயிற்சி பெற்ற நாவே.

ஆய்வகத்துக்குச் சில வசதிகள் உண்டு. சுவைஞர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள்; அழைத்தால் வருவார்கள்; தவறினால் குழுவிலிருந்து நீக்கலாம். நடுவர் ஊதியம் பெறாதவராக, வார இறுதியில் தன் செலவில் வருபவராக இருந்தால் அவரை எவ்வாறு பயிற்றுவிப்பது, எவ்வாறு கட்டுப்படுத்துவது? பீர் போட்டிகளின் வரலாறு இங்கே பயன்படுகிறது.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டரசு அளவில் அனுமதித்த சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். அது 1979இல் நடைமுறைக்கு வந்தது. 1978இலேயே போல்டர் நகரில் சார்லி பபாசியனும் சார்லி மாட்சனும் அமெரிக்க வீட்டுப் பீர் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினர். போட்டிகள் பெருகின, நடுவர்கள் போதவில்லை. 1985இல் அச்சங்கமும் வீட்டு ஒயின், பீர் வணிகச் சங்கமும் இணைந்து பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தை, சுருக்கமாக பி.ஜே.சி.பி.யை, உருவாக்கின. 1995இல் காய்ச்சுவோர் சங்கம் விலகிக்கொண்டது. திட்டம் அப்போதே மறைந்திருக்கலாம். ஆனால் நடுவர்களே அதை ஏற்று நடத்தத் தொடங்கினர். அன்று முதல் அது உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளால் இயங்கும் தன்னாட்சி அமைப்பு.

அதன் தேர்வுமுறை 2012இல் மாற்றியமைக்கப்பட்டது. முதலில் இணையவழி நுழைவுத் தேர்வு. அடுத்து ஆறு பீர்களைச் சுவைத்து எழுதும் தேர்வு. உயர்நிலை விரும்புவோருக்கு எழுத்துத் தேர்வு. சுவைத்தல் தேர்வில் விடைத்தாளுக்குப் பதில் மனிதர்கள் இருக்கிறார்கள்: உயர்தர நடுவர்கள் அதே பீர்களைத் தனியே சுவைத்து எழுதிய தாள்களோடு தேர்வரின் தாள் ஒப்பிடப்படும். 60 விழுக்காடு பெற்றால் அங்கீகரிக்கப்பட்டவர். 70, 80, 90 என ஏறும்போது அடுத்தடுத்த நிலைகள். ஆயினும் மதிப்பெண் மட்டும் போதாது; போட்டிகளில் அமர்ந்து அனுபவப் புள்ளிகளும் சேர்க்க வேண்டும். ஊதியம் இல்லாத இடத்தில் படிநிலையே ஊதியமாகிறது.

போட்டி மேசையின் நெறிகளும் எளியவை. காய்ச்சியவரின் பெயர் மறைக்கப்படும். தான் கலந்துகொண்ட பிரிவில் ஒருவர் நடுவராக அமரலாகாது. எல்லோரும் எழுதி முடிக்கும் வரை பேசலாகாது. முதலில் பேசுபவரின் சொல் மற்றவர் நாவில் ஏறிவிடும் என்பதே காரணம். பின்னர் மதிப்பெண்களுக்கிடையே ஏழுக்கு மேல் இடைவெளி இருந்தால் கலந்துபேசிக் குறைக்க வேண்டும். இறுதியில் தாள் காய்ச்சியவருக்கே அனுப்பப்படும். எனது பார்வையில் மிக வலுவான கட்டுப்பாடு இதுதான்: நடுவர் தம் காரணங்களை எழுத வேண்டும், தோற்றவர் அவற்றைப் படிப்பார்.

இனி, என் துறையான மொழியியல் தொடர்புடைய பகுதிக்கு வருகிறேன். அந்த மதிப்பெண் தாள் ஐம்பதுக்கு அமைந்தது: நறுமணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. ஆங்கில மரபில் துவர்ப்பு சுவையன்று. வாயில் ஏற்படும் ஒரு தொடுவுணர்வு. ஆகவே அது ஐந்து மதிப்பெண் கொண்ட கட்டத்தில் எழுதப்படுகிறது. தமிழிலோ துவர்ப்பு அறுசுவைகளுள் ஒன்று. கன்னடத்தில் ஒகரு, தெலுங்கில் வகரு என்னும் சொற்களும் இப்பொருளுக்கு வழங்குகின்றன. தமிழ் மரபில் வளர்ந்த ஒருவர் இதே தாளை வடிவமைத்திருந்தால் துவர்ப்பு இருபது மதிப்பெண் கட்டத்தில் அமர்ந்திருக்கும். நாவில் படும் பொருள் மாறவில்லை. சொல்லின் வகைப்பாடு மாறினால் தீர்ப்பின் நிறை மாறுகிறது. கார்ப்புக்கும் இது பொருந்தும். நவீன உடலியல் அதையும் சுவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

சொற்களைப் பொதுவாக்கும் பெருமுயற்சி 1979இல் நடந்தது. டென்மார்க்கில் பிறந்த மோர்ட்டன் மைல்கார்டும் டால்கிளீஷ், கிளாப்பர்ட்டன் ஆகியோரும் 122 சொற்கள் கொண்ட பீர்ச் சுவைச் சொற்றொகுதியை ஒரு சக்கர வடிவில் வெளியிட்டனர். இயன்ற இடங்களில் சொல்லுக்கு ஒரு மாதிரிப் பொருள் தரப்பட்டது. வெண்ணெய் வாசம் என்றால் டையசிட்டில். வாழைப்பழ வாசம் என்றால் ஐசோஅமைல் அசிட்டேட். அகராதி ஒரு சொல்லை வேறு சொற்களால் விளக்கும். இங்கு சொல்லை ஒரு குப்பி விளக்குகிறது. ஆனால் குப்பி தீர்ப்பைச் சொல்லிவிடாது. ஜெர்மானியக் கோதுமைப் பீரில் வாழைப்பழ வாசம் சிறப்பு. லாகரில் அதுவே குற்றம். எங்கு எது சிறப்பு என்பதை வகை வரையறைகள் சொல்கின்றன. அவற்றை எழுதுபவர்களும் தன்னார்வலர்களே. எனவே அதிகாரம் உண்மையில் மேசையில் அமர்ந்தவரிடம் இருப்பதைவிட வரையறையை எழுதியவரிடமே மிகுதியாக உள்ளது.

இவ்வளவு செய்தும் நடுவர்கள் நம்பத்தக்கவர்களா? கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் நடுவர்களை ராபர்ட் ஹாட்ஜ்சன் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே புட்டியின் ஒயின் அவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை பரிமாறப்பட்டது. மூன்று முறையும் ஒரே பதக்க நிலைக்குள் மதிப்பெண் வழங்கியவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. இதைக் கொண்டு சுவை நடுவண்மையே பொய் என்று முடிவு கட்டுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. தனி நாக்கு நிலையற்றது என்பதே இதன் பாடம். அதனால்தான் ஒருவருக்குப் பதில் குழுவும், நினைவுக்குப் பதில் எழுத்தும், ஒரு முறை சான்றுக்குப் பதில் மறுசோதனையும் வேண்டியுள்ளன. காப்பித் துறையில் கியூ கிரேடர் சான்று பெற்றோர் மூன்றாண்டுக்கு ஒரு முறை மறுபடியும் சோதிக்கப்படும் ஏற்பாடு இந்த நியாயத்தின்பாற்பட்டதே.

கர்நாடகத்தில் உரிமமின்றி மது தயாரிப்பதை 1965ஆம் ஆண்டின் கலால் சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உண்டு. எனவே வீட்டுப் பீர்ப் போட்டியை இங்கே அப்படியே நடத்துவது பற்றி நான் பேசவில்லை. மாம்பழம், அரிசி, வெல்லம், காப்பி, செக்கு எண்ணெய் ஆகியவற்றுக்கு நம் ஊர்களில் கண்காட்சிகளும் பரிசுகளும் உள்ளன. பரிசு பெற்ற பொருளுக்கு விலை கிடைக்கிறது. பெறாத உழவர், தம் வெல்லத்தில் என்ன குறை என்று கேட்டால் எழுத்தில் ஒரு வரி விடை கிடைப்பது அரிது. பெயர் மறைத்தல், பேசாமல் எழுதுதல், காரணத்தைத் திருப்பி அனுப்புதல் ஆகிய மூன்றுக்கும் பெரும் செலவில்லை.

செலவு பிடிப்பது சொற்றொகுதிதான். மணத்தைச் சொல்ல மொழிக்கு இயலாது என்னும் பழைய கருத்தை மாஜித், புரென்ஹுல்ட் ஆகியோரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு அசைத்துவிட்டது. மலேயத் தீபகற்பத்தின் ஜஹாய் மொழியினர் நிறங்களைப் போலவே மணங்களையும் எளிதில் பெயரிடுகின்றனர். தமிழிலும் காறல், ஊசல், கவிச்சி, மொச்சை, வீச்சம், சிக்கு வாடை, பூஞ்சை வாடை எனச் சொற்கள் உள்ளன. இல்லாதது அவற்றுக்கான குப்பி: எத்தனை நாள் பழகிய எண்ணெயைக் காறல் என்கிறோம், மதுரையில் சொல்லும் சிக்கு வாடையும் கோவையில் சொல்வதும் ஒன்றா என்பதற்கான வரையறை. அது உணவியலாரும் மொழியியலாரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி.

இதைப் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வழங்கும் சுவை, மணச் சொல் ஒன்றை, எந்தப் பொருளுக்கு, அது எந்த நிலையில் இருக்கும்போது சொல்வார்கள் என்னும் குறிப்போடு கீழே பதியுங்கள். மாவட்டத்தின் பெயரையும் தவறாமல் சேர்த்து எழுதுங்கள்.