தொண்டை நாட்டுக் கடற்கரையின் கொடிகள்: காளை முதல் கோபுரம் வரை

சாளுக்கிய மன்னன் இரண்டாம் கீர்த்திவர்மன் கி.பி. 750இல் வெளியிட்ட கேந்தூர்ச் செப்பேட்டில், அவன் தந்தை இரண்டாம் விக்கிரமாதித்தன் தொண்டை நாட்டுக்குள் புகுந்து பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மனைத் தோற்கடித்த செய்தி வருகிறது. வென்றவன் கைப்பற்றியவை எவை என்றும் செப்பேடு வரிசைப்படுத்துகிறது. கடுமுகம், சமுத்திரகோஷம் என்னும் இரண்டு இசைக்கருவிகள், கட்வாங்கக் கொடி, யானைகள், மாணிக்கக் குவியல். யானையும் மாணிக்கமும் விலைபோகும் பொருள்கள். கருவியும் கொடியும் அப்படியல்ல. ஆனாலும் செப்பேடு அவற்றையே முதலில் சொல்கிறது. பகைவனுடைய முழக்கத்தையும் அவன் கொடியையும் பறித்தபின் மற்றவை வந்து சேரும் என்பது அக்காலத்துப் போர்க்கணக்கு.

இந்தப் பட்டியலில் இன்றைய வாசகர் எதிர்பார்க்கும் காளை இல்லை. பல்லவர் கொடி என்றதும் பாடநூலும் நாவலும் திரைப்படமும் நந்தியைத்தான் காட்டுகின்றன. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்பவர், கடற்கோயிலின் சுற்றுமதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் காளைகளைப் பார்த்து, இவையே அந்தக் கொடியின் உருவம் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. சான்றுகளோ இரண்டு அடையாளங்களைத் தனித்தனியே வைக்கின்றன. பல்லவரின் செப்பேட்டு முத்திரையில் இருப்பது காளை. காசுகளிலும் காளை. கடற்கோயிலை எழுப்பிய இராசசிம்மன் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பொறித்துவைத்த விருதுப் பெயர்களுள் 'ரிஷபலாஞ்சனன்' ஒன்று. அது காளையை இலச்சினையாக உடையவன் என்பதைச் சொல்கிறது. கொடியைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் சான்றுகள் கட்வாங்கத்தைச் சொல்கின்றன. கட்வாங்கம் என்பது நுனியில் மண்டையோடு பொருத்திய தண்டம். சிவனும் பைரவரும் ஏந்துவது, காபாலிகர் கையில் இருப்பது.

எதிரியின் செப்பேட்டை மட்டும் நம்ப வேண்டியதில்லை. நந்திவர்மனே கட்டிய காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவ வரலாறு சிற்பத் தொடராக இருக்கிறது. பரமேசுவரவர்மன் இறந்தபின் வாரிசு இல்லாமல் நாடு தவித்ததும், இரணியவர்மனின் மகனான பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லனை, அதாவது இதே நந்திவர்மனை, அழைத்துவந்து முடிசூட்டியதும் அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சிற்பங்களுக்குக் கீழுள்ள குறிப்புகள் முடிசூட்டு விழாவின் அரச சின்னங்களாகச் சமுத்திரகோஷத்தையும் கட்வாங்கத் துவசத்தையும் ரிஷப லாஞ்சனத்தையும் அடுத்தடுத்துச் சொல்கின்றன. கொடியில் கட்வாங்கம், முத்திரையில் காளை. இரண்டும் அரசனுக்கு உரியவை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இந்தச் சிற்பங்களை முறையாக ஆராய்ந்து நூலாக்கியவர் சி. மீனாட்சி. பல்லவர் ஆட்சிமுறை பற்றிய அவருடைய நூல் 1938இல் வந்தது. வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்கள் பற்றிய நூல் அவர் மறைந்தபின் 1941இல் வெளியாயிற்று. இத்தனை காலம் கழித்தும் பொதுவெளியில் இந்த வேறுபாடு பதியவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

குழப்பம் ஏன் நிலைத்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கொடி துணி, முத்திரை உலோகம். கடல்காற்றும் உப்பும் வீசும் இந்தக் கரையில் துணி எத்தனை ஆண்டு தாங்கும்? செம்பும் கல்லும் நின்றன. அவற்றில் இருந்த காளை பிற்காலத்தார் கண்ணில் கொடியிலும் ஏறிக்கொண்டது. தமிழகத்துக் கொடிகளின் வரலாறு முழுவதுமே இப்படித் துணியல்லாத பொருள்களிலிருந்து ஊகித்து எழுதப்பட்ட வரலாறுதான்.

கொடியின் உரிமையாளர்

இந்தக் கரைக்கு என்று, தொண்டை மண்டலம் என்னும் நிலப்பகுதிக்கு என்று, ஒரு கொடி எக்காலத்திலாவது இருந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இல்லை என்பதே நான் காணும் விடை. கொடி குலத்துக்கு உரியதாக இருந்தது, தெய்வத்துக்கு உரியதாக இருந்தது, கம்பெனிக்கும் பின்பு கட்சிக்கும் உரியதாக ஆனது. நிலம் அந்தக் கொடிகளின் கீழே இருந்ததே தவிர, தனக்கென்று ஒன்றை ஏற்றவில்லை.

சங்க நூல்கள் காட்டும் கொடிகளும் இப்படியே. காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் பட்டினப்பாலையும் பாடினார். முதல் நூலில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகமும் கலங்களுக்கு வழிகாட்டும் மாடத்து விளக்கும் வருகின்றன. கொடிகளின் காட்சி விரிவது இரண்டாம் நூலில். காவிரிப்பூம்பட்டினத்தில் வழிபாட்டிடத்துக்கு ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் அறிஞர்க்கு ஒரு கொடி, துறையில் நிற்கும் கலத்துக்கு ஒரு கொடி, கள் விற்கும் கடைக்கு ஒரு கொடி. இங்கே என்ன நடக்கிறது என்பதை எழுத்தில்லாமல் அறிவிப்பது கொடியின் வேலையாக இருந்திருக்கிறது. அதுவே மூவேந்தர் கையில் புலி, கயல், வில் என்று குலத்தின் பெயரானது.

சோழர் தொண்டை நாட்டை வென்றபின் செய்தது இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. முதலாம் இராசராசன் காலத்தில் நாட்டின் பெயரே சயங்கொண்ட சோழமண்டலம் என்று மாறியது. அரசனுடைய விருதுப்பெயர் நிலத்தின் பெயராயிற்று. சோழர் செப்பேட்டு முத்திரைகளில் நடுவில் புலி அமர்ந்திருக்க, இரட்டைக் கயலும் வில்லும் அதனருகே இடம்பெறுகின்றன. வெல்லப்பட்டவரின் சின்னம் அழிக்கப்படவில்லை, வென்றவனின் குடைக்குக் கீழே கொண்டுவந்து வைக்கப்பட்டது. பெயரைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாத நிலத்துக்குத் தனிக்கொடி எங்கிருந்து வரும்?

கம்பெனிகளின் கரை

பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி இந்தக் கடற்கரை ஐரோப்பியக் கொடிகளின் காட்சிச்சாலையாகிவிட்டது. கோவளத்திலிருந்து ஆலம்பரை வரையுள்ள குறுகிய கரையில் நான்கு நாட்டார் தங்கள் கொடியை நாட்டியிருக்கிறார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் உருவானது. முதலில் ஆரஞ்சு, வெள்ளை, நீலம் என்றிருந்த அவர்கள் கொடியில் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆரஞ்சின் இடத்தைச் சிவப்பு பிடித்தது. நடு வெள்ளைப் பட்டையில் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் ஒன்றோடொன்று பின்னியபடி இருக்கும். பீரங்கியிலும் காசிலும் இருந்த அதே முத்திரைதான். ஒரு வணிக நிறுவனத்தின் சரக்கு முத்திரை நாட்டுக் கொடியில் ஏறி, கோட்டைமேல் அதிகாரமாகப் பறந்தது இந்தக் கரைக்குப் புதிது. கொடி போய்விட்டது. கோட்டைக்குள் இருக்கும் கல்லறைக் கற்களில் டச்சுக் குடும்பங்களின் மரபுச் சின்னங்கள் இன்றும் தெளிவாக உள்ளன. அவர்களில் சிலர் திருக்கழுக்குன்றம் மலையேறி, பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தின் தூண்களில் தங்கள் பெயர்களையும் வெட்டிவைத்துப் போனார்கள்.

கோவளத்தின் கதை இன்னும் வியப்பானது. ஆஸ்திரியாவை ஆண்ட புனித ரோமப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722இல் உரிமைப் பட்டயம் கொடுத்த ஓஸ்டெண்ட் கம்பெனி, சோழமண்டலக் கரையில் தன் பண்டகசாலைக்குத் தேர்ந்த இடம் கோவளம். அவர்களுடைய சின்னம் பேரரசின் இருதலைக் கழுகு. பிற ஐரோப்பிய வல்லரசுகளின் நெருக்குதலால் 1727இல் பட்டயம் நிறுத்திவைக்கப்பட்டது, 1731இல் கம்பெனியின் கதை முடிந்தது. அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, விசயநகர மன்னர் அச்சுதராயரின் காசுகளில் யானைகளைப் பற்றிப் பறக்கும் இருதலைப் பறவை இந்த நாட்டுச் சந்தைகளில் புழங்கியது. கண்டபேருண்டம் என்னும் அந்தப் பறவைக்கும் ஆஸ்திரியக் கழுகுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்லவில்லை. இருதலைப் பறவைக்குப் பழகிய கண்கள் கோவளத்தில் இன்னொன்றைப் பார்த்தன என்பதே செய்தி.

ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது. பிரெஞ்சுக் கடற்கொடி அப்போது வெண்மை; இன்றைய மூன்று நிறம் அவர்களின் புரட்சிக்குப் பின்னர்தான். கோவளமும் செங்கல்பட்டும் அதே காலத்தில் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தன. 1752இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் முதலில் கோவளத்தையும் அடுத்துச் செங்கல்பட்டையும் பிடித்தார். செங்கல்பட்டுக் கோட்டையின் பிரெஞ்சுத் தளபதி உடன்படிக்கை செய்துகொண்டு தன் வீரர்களோடு வெளியேறினார். ஐரோப்பியப் போர்மரபில் சரணடையும் படைக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த மரியாதை, கொடி விரித்து முரசு கொட்டி வெளியேறும் உரிமை. மறுக்கப்பட்டால் அது பெரிய அவமானம். கேந்தூர்ச் செப்பேட்டுப் பட்டியலும் இதே இரண்டைத்தான் முன்வைத்தது. ஆயிரம் ஆண்டு இடைவெளியும் இரண்டு கண்டங்களும் நடுவில் இருந்தும், தோற்றவனிடம் எதை விட்டுவைப்பது என்ற கேள்வி முரசிலும் கொடியிலும் வந்தே நிற்கிறது.

1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. கப்பலுக்குக் கப்பல் கட்டளை போனதெல்லாம் சைகைக் கொடிகளால்தான். பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தக் கொடியில் சிவப்பும் வெள்ளையும் பட்டைகளாக ஓட, மேல்மூலையில் 1707வரை புனித ஜார்ஜ் சிலுவையும் அதன்பின் ஒன்றிணைந்த பிரிட்டனின் கொடியும் இருந்தன. மேல்மூலையில் பேரரசு, மற்ற இடத்தில் உள்ளூர் அடையாளம் என்ற இந்த அமைப்பு பின்னர் உலகம் முழுவதும் குடியேற்ற நாடுகளின் கொடிகளுக்கு இலக்கணமாயிற்று. அது 1970இல் தமிழ்நாட்டிலும் தலைகாட்டும்.

இறங்காத கொடி

அரசும் கம்பெனியும் மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம் கோயிலில் கொடி ஏறிக்கொண்டே இருந்தது. சித்திரையில் திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் கோயில் பெருவிழா கொடியேற்றத்தோடு தொடங்குகிறது. புதுத்துணியில் ரிஷபம் வரைந்து, பூசை செய்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து, தருப்பைக் கயிறு சுற்றிய கொடிமரத்தில் ஏற்றுகிறார்கள். பெருமாள் கோயில்களில் கருடன். பல்லவர் முத்திரையிலிருந்த காளை அரசகுலத்தோடு மறைந்தது. சிவனுடைய காளை ஆண்டுதோறும் புதுத்துணியில் திரும்பி வருகிறது. கொடி ஏறியபின் விழா முடியும்வரை ஊரார் எல்லை தாண்டி வெளியூர் போய்த் தங்கக்கூடாது என்பது பல ஊர்களில் பழைய கட்டுப்பாடு. ஒரு நிலப்பரப்பை வரையறுத்து, அதற்குள் இருப்போரை ஒன்றாகக் கட்டும் கொடி என்று இந்தக் கரையில் எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல முடியும். அதுவும் பத்து நாளைக்கு.

இந்த வழக்கம் ஒரு சமயத்தோடு நிற்கவில்லை. கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா ஆலயமும் உள்ளன. தமிழகத்துக் கந்தூரி விழாக்களும் மாதா திருவிழாக்களும் கொடியேற்றத்தில் தொடங்கிக் கொடியிறக்கத்தில் முடிகின்றன. பிறை, மாதாவின் உருவம், ரிஷபம் என்று சின்னங்கள் வேறு. ஏற்றும் முறையும் அதைச் சுற்றிக் கூடும் ஊரும் ஒரே மரபு. சின்னத்தை மட்டும் படிக்கும் ஆய்வு இந்தப் பொதுமையைத் தவறவிட்டுவிடும்.

நிறமும் கோபுரமும்

இருபதாம் நூற்றாண்டுக் கொடிகளில் விலங்கும் பறவையும் விலகி நிறம் பேசத் தொடங்கியது. முதல் மாகாண சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடியது. சாதிப் பட்டங்களைத் துறப்பது அங்கே தீர்மானமாயிற்று. அந்த இயக்கத்தின் வழியில் வந்த திராவிடர் கழகத்தின் கொடியில் கருப்பின் நடுவே சிவப்பு வட்டம் இருந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்தவரான அண்ணா 1949இல் தொடங்கிய தி.மு.க. அந்தக் கருப்பையும் சிவப்பையும் மேலும் கீழுமாக வைத்தது. கருப்பு இன்றுள்ள இழிவையும் இருளையும், சிவப்பு வரவேண்டிய மாற்றத்தையும் சொல்கின்றன. குலத்தின் பழம்பெருமையைக் காட்டாமல், செய்யவேண்டிய வேலையைக் காட்டும் கொடி இது. பிறகு வந்த கட்சிகள் நிறத்தோடு நட்சத்திரம், தலைவர் உருவம், யானை என்று சேர்த்துக்கொண்டன. ஊர் முனைகளில் சிமெண்ட் பீடத்தின்மேல் நிற்கும் கம்பங்களே செங்கல்பட்டு மாவட்டத்தில் பயணி மிகுதியாகக் காணும் கொடிகள். பொது இடங்களிலுள்ள அவற்றை அகற்றும்படி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட, விவகாரம் மேல்விசாரணைக்குப் போனது.

நிலத்துக்கே ஒரு கொடி என்ற எண்ணம் அரசின் மட்டத்தில் எழுந்தது 1970இல். மாநில சுயாட்சி பற்றி ஆராய இராசமன்னார் குழு அமைக்கப்பட்டிருந்த காலம் அது. முதலமைச்சர் மு. கருணாநிதி முன்வைத்த வரைவில் மேல்மூலையில் தேசியக் கொடியும் கீழ்மூலையில் மாநில அரசின் கோபுரச் சின்னமும் இருந்தன. 1949இல் ஏற்கப்பட்ட அந்தச் சின்னத்தை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். அதிலேயே கோபுரத்தின் முன்னால் சிங்கத் தூணும் இருபுறமும் தேசியக் கொடிகளும் உண்டு. அமைப்பு முறையில் இது பழைய கம்பெனிக் கொடியின் இலக்கணத்தையே பின்பற்றியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சின்னத்தின் தேர்வோ வேறு. புலியோ கயலோ வில்லோ காளையோ எடுத்தால் ஒரு மண்டலம் உயர்ந்து மற்றவை தாழும். கோபுரம் தொண்டை நாட்டிலும் உண்டு, பாண்டி நாட்டிலும் உண்டு. அந்தக் கொடி நடைமுறைக்கு வரவில்லை. சுதந்திர நாளில் முதலமைச்சர்கள் தேசியக் கொடி ஏற்றும் உரிமை மட்டும் 1974இல் கிடைத்தது. தனிக்கொடி வைத்திருந்த சம்மு காசுமீர் 2019இல் அதை இழந்தது. கர்நாடகம் 2018இல் மஞ்சள், வெள்ளை, சிவப்புக்கு நடுவே கண்டபேருண்டத்தை வைத்து ஒரு கொடியை வடிவமைத்தது. அச்சுதராயர் காசிலிருந்த அதே பறவை.

2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது 186 நாடுகள் பங்கேற்றன. அத்தனை கொடிகளுக்கு நடுவில் விருந்தளித்த மாநிலம் தன்னைக் காட்டிக்கொண்டது வேட்டி கட்டி வணங்கி நின்ற 'தம்பி' என்னும் குதிரையால். கொடியில்லாத நிலம் தனக்கொரு உருவத்தைத் தேடிக்கொண்டது என்றே இதைப் படிக்கிறேன்.

ஆய்வாளர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்டு 15 அன்று ஏறிய தேசியக் கொடியைக் கண்ணாடிக்குள் வைத்துக் காத்துவருகிறார்கள். இந்தக் கரையின் கோயில், தர்கா, மாதா ஆலயக் கொடித்துணிகளுக்கு அப்படியொரு சேமிப்பு வேண்டும். ரிஷபத்தை எந்தக் கோணத்தில் வரைகிறார்கள், சூரிய சந்திரர் எந்தப் பக்கம், எந்தச் சாயம், எந்தக் குடும்பம் வரைகிறது என்பதையெல்லாம் ஆண்டுதோறும் படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பல்லவர் கொடியை உலோகத்திலிருந்து ஊகிக்க நேர்ந்த நிலை, இன்று கண்முன் ஏறும் கொடிகளுக்கும் வர விடக்கூடாது. இறங்கிய கொடித்துணிகளுள் ஊருக்கு ஒன்றையேனும் மாவட்ட அளவில் சேர்த்துவைக்கும் பணியைத் தொல்லியல் துறையும் அறநிலையத் துறையும் சேர்ந்தே தொடங்கலாம்.