‘ப்ரீ-லாஞ்ச் ரேட்ல ஃபிளாட் இருக்கு சார்’: ரெரா பதிவுக்கு முன்பே புரோக்கர் வீடு விற்கலாமா?

“இன்னும் விளம்பரமே வரல சார். தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் கொடுக்குறோம். லாஞ்ச் ஆயிடுச்சுன்னா சதுர அடிக்கு 800 ரூபாய் ஏறிடும். இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க.”

சென்னையிலோ கோவையிலோ வீடு தேடும் பலருக்கும் இந்தப் பேச்சு பழக்கமானதுதான். குறைந்த விலை, விருப்பமான மாடி, நமக்கு மட்டும் கிடைத்த தகவல். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திட்டம் ரெராவில் பதிவாகும் முன் இப்படி விற்பது சட்டப்படி சரியா? பணத்தைக் கட்டிவிட்டால் யாருக்கு ரிஸ்க்? பார்க்கலாம்.

ப்ரீ-லாஞ்ச் என்றால் என்ன?

ஒரு அடுக்குமாடித் திட்டத்தை பில்டர் முறைப்படி அறிவிக்கும் முன்பே, புரோக்கர்கள் மூலம் தெரிந்த வட்டத்தில் வீடுகளை விற்பதைத்தான் ப்ரீ-லாஞ்ச் என்கிறார்கள். பல நேரம் அந்த இடத்தில் காலி மனை மட்டும்தான் இருக்கும். சில திட்டங்களுக்கு சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதிகூட வந்திருக்காது.

பில்டருக்கு ஏன் இந்த அவசரம்? நிலத்துக்கும் அனுமதிகளுக்கும் பணம் வேண்டும். வங்கியில் கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும். வாங்குபவரிடம் முன்பணம் வாங்கினால் வட்டி கிடையாது. அந்த வட்டியில் ஒரு பகுதிதான் நமக்கு ‘டிஸ்கவுன்ட்’ ஆக வருகிறது. புரோக்கருக்கும் கமிஷன் சீக்கிரம் கைக்கு வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, இதில் தெளிவாகவே இருக்கிறது. சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, பதிவு செய்யாத திட்டத்தை விளம்பரம் செய்யவோ, புக்கிங் எடுக்கவோ, விற்கவோ, வாங்கச் சொல்லி எந்த வகையிலும் அழைக்கவோ கூடாது.

‘எந்த வகையிலும்’ என்பதுதான் இங்கே முக்கியம். “இது புக்கிங் இல்ல சார், சும்மா விருப்பக் கடிதம்தான், எப்ப வேணாலும் ரீஃபண்ட்” என்று பெயரை மாற்றினாலும், பதிவு இல்லாமல் பணம் கேட்பது பணம் கேட்பதுதான். வாட்ஸ்அப் மெசேஜும் தப்பிக்க முடியாது. எந்த ஊடகத்தில் வந்தாலும் அது விளம்பரமே என்கிறது சட்டத்தில் உள்ள விளக்கம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு (சுமார் 5,380 சதுர அடி) மிகாமல் இருந்தாலோ, எல்லாக் கட்டங்களும் சேர்த்து 8 வீடுகளுக்கு மிகாமல் இருந்தாலோ பதிவு தேவையில்லை.

‘நான் சும்மா காட்டிவிட்டேன்’ என்று புரோக்கர் நழுவ முடியுமா?

முடியாது. பதிவு செய்த திட்டங்களில் வீடு விற்க உதவும் ஏஜென்ட், 9-வது பிரிவுப்படி தானும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்க உதவக்கூடாது என்கிறது 10-வது பிரிவு. வராத அனுமதியை வந்ததாகச் சொல்லக்கூடாது. புக்கிங் நேரத்தில் வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்வதும் அவருடைய கடமை.

மீறினால் ஏஜென்ட்டுக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். இது விற்ற வீட்டின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். பில்டருக்கோ திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். அதன் பிறகும் தொடர்ந்து மீறினால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

டிஸ்கவுன்ட்டுக்குப் பதில் நாம் இழப்பது என்ன?

ஒரு கணக்கு போடுவோம். லாஞ்ச் விலை சதுர அடிக்கு 7,000 ரூபாய், ப்ரீ-லாஞ்சில் 6,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி வீட்டுக்கு மிச்சம் 8 லட்சம். இது சின்னத் தொகை இல்லை. ஆனால் அதற்காக விட்டுக்கொடுப்பவை இவை:

• பதிவான திட்டத்தில், வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். பதிவே இல்லாத திட்டத்தில் நம் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று யார் பார்ப்பது?

• விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பது விதி. ப்ரீ-லாஞ்சில் “முழுப் பணமும் கட்டினா இன்னும் குறைச்சுத் தர்றோம்” என்பார்கள்.

• வரைபடம், நில ஆவணம், முடிக்கும் தேதி எல்லாம் ரெரா இணையதளத்தில் பதிவான பிறகே பொதுவில் பார்க்கக் கிடைக்கும். அதற்கு முன் நம் கையில் இருப்பது ஒரு கலர் புரோஷரும் புரோக்கரின் வாய்வார்த்தையும்தான்.

• பொதுவாக வங்கிகள் வீட்டுக் கடனுக்கு ரெரா எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் சேமிப்பையோ நகையையோதான் தொட வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஹைதராபாத்தில் சாஹிதி இன்ஃப்ராடெக் நிறுவனம் ப்ரீ-லாஞ்ச் விலையில் ஏராளமானோரிடம் பணம் வாங்கி வீடு தரவில்லை என்று புகார் எழுந்தது. 2022 டிசம்பரில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். பின்னர் அமலாக்கத்துறையும் இதை விசாரித்தது.

பழைய வீட்டை ரகசியமாக விற்றால்?

மேலே சொன்ன பதிவு விதி, தனிநபர் தன் பழைய வீட்டை விற்பதற்குப் பொருந்தாது. “விளம்பரமே வேண்டாம், பார்ட்டி கையிலயே இருக்கு” என்று புரோக்கர் சொன்னால் சட்ட மீறல் இல்லை. ஆனால் இங்கே நஷ்டம் விற்பவர் பக்கம் வரலாம். நாலு பேர் பார்த்தால்தான் நல்ல விலை தெரியும். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கும் புரோக்கருக்கு விலை கூடுவதைவிட சீக்கிரம் முடிவதே லாபம்.

அமெரிக்காவில் இதை ‘பாக்கெட் லிஸ்டிங்’ என்பார்கள். அங்குள்ள தேசிய ரியல்டர்கள் சங்கம் 2020-ல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. வீட்டை வெளியில் விளம்பரம் செய்தால், ஒரு வேலை நாளுக்குள் எல்லா ஏஜென்ட்களும் பார்க்கும் பொதுப் பட்டியலில் ஏற்ற வேண்டும். 2025-ல் இதைத் தளர்த்தினார்கள். உரிமையாளர் எதை இழக்கிறார் என்பதை அறிந்து கையெழுத்திட்டால், இணையத்தில் பொதுமக்களுக்குக் காட்டுவதைச் சில காலம் தள்ளிப்போடலாம். நம் ஊரில் அப்படிக் கையெழுத்து கேட்கும் வழக்கம் இல்லை. அதனால் “எத்தனை பேருக்குக் காட்டுனீங்க? அந்தப் பக்கமும் கமிஷன் வாங்குறீங்களா?” என்று நாமே கேட்டுவிடுவது நல்லது.

டோக்கன் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

• திட்டத்தின் ரெரா எண், ஏஜென்ட்டின் ரெரா எண் இரண்டையும் கேளுங்கள். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

• “நம்பர் அடுத்த வாரம் வந்துடும்” என்றால், வந்த பிறகு பணம் தருவதாகச் சொல்லுங்கள். விண்ணப்பம் மீது 30 நாட்களுக்குள் ரெரா முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு மாதம் பொறுக்க முடியாத ஆஃபரை நம்பி 60 லட்சத்தை இறக்க வேண்டுமா?

• ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். புரோக்கரின் சொந்தக் கணக்குக்கும் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் மெசேஜ்களைப் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். 31-வது பிரிவின் கீழ் பில்டர் மீது மட்டுமல்ல, ஏஜென்ட் மீதும் ரெராவில் புகார் கொடுக்கலாம். ஏமாற்றும் நோக்கத்தோடு பணம் பறித்திருந்தால் போலீஸிலும் புகார் தரலாம்.