பட்டப்படிப்பில் தொடர்பியல்: பெயரும் பயிற்றுமொழியும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதழியற் கல்வி வளர்ந்த வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் துறைகளின் தொடக்க ஆண்டுகளை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றனர். அப்பாடம் எந்தப் படிநிலையில் கற்பிக்கப்பட்டது, எந்தப் பெயரைத் தாங்கி நின்றது, எந்த மொழியில் பயிற்றப்பட்டது என்னும் வினாக்களையும் உடன்வைத்து நோக்கினால் வேறொரு செய்தி புலப்படும். தமிழகத்தைப் பொறுத்தவரை, தொடர்பியல் இளநிலைப் பட்டப்படிப்பாக நிலைபெற்ற காலமும், மொழிப்பயிற்சி அப்படிப்பின் நடுவிலிருந்து விலகிய காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துள்ளன.

தொடக்கம் சென்னையில்தான். அடையாற்றில் இயங்கிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் 1920ஆம் ஆண்டளவில் இதழியலைப் பாடமாக்கினார். மாணவர்க்குரிய செய்முறைப் பயிற்சி அவர் நடத்திவந்த ‘நியூ இந்தியா’ நாளிதழின் அலுவலகத்திலேயே அளிக்கப்பட்டது. அம்முயற்சி நிலைக்கவில்லை. 1938இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் தொடங்கிய பட்டயப் படிப்பும் இரண்டே ஆண்டுகளில் நின்றது. வேரூன்றிய முதல் துறை என 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் நிறுவியதையே குறிப்பிட வேண்டும். அதனை அமைத்த பி. பி. சிங், அமெரிக்காவின் மிசௌரியிலும் இலண்டனிலும் இதழியல் பயின்றவர். 1947இல் நாடு பிரிவினைக்குள்ளானபோது அத்துறை தில்லிக்குப் பெயர்ந்தது. 1962இல் சண்டிகாரை அடைந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1947இலும், கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1950இலும், நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரி 1952இலும், ஐதராபாத்தின் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1954இலும் இப்பாடத்தை மேற்கொண்டன. இவை பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு உரிய பட்டயப் படிப்புகள். பின்னர் இவற்றுட் சில ‘இதழியல் இளவர்’ என்னும் பட்டமாக உயர்த்தப்பட்டபோதும் நிலைமை மாறவில்லை. பெயரளவில் இளநிலைப் பட்டமாயினும், வேறொரு பட்டம் பெற்றவரே அதில் சேர இயலும்; சட்டப் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் நெடுங்காலம் இருந்த முறை இது. இதன் உட்கிடை தெளிவானது. இலக்கியமோ வரலாறோ பொருளியலோ கற்று வருபவன் செய்தியாளன் ஆகலாம். பல்கலைக்கழகம் அவனுக்குத் தொழில்நுட்பத்தை மட்டும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று கருதப்பட்டது.

இந்நிலையினின்று முதலில் மாறுபட்டது மைசூர். அங்குள்ள மகாராஜாக் கல்லூரியில் 1951இல் இளங்கலை வகுப்பிலேயே இதழியல் விருப்பப் பாடமாக இடம்பெற்றது. அதனை வளர்த்தெடுத்த நாடிக கிருஷ்ணமூர்த்தி எழுதிய இந்திய இதழியல் பற்றிய ஆங்கில நூல், பிற்காலத்தார் பலர்க்கும் அடிப்படை நூலாயிற்று. மைசூர் முறையில் இதழியல் தனித்து நிற்கவில்லை. பிற கலைப் பாடங்களோடு சேர்ந்தே பயிலப்பட்டது. பதினெட்டு வயது மாணவன் இதழியல் கற்பது தகுமா என்ற வினாவுக்கு மைசூர் அளித்த விடை இதுவே எனலாம். பிற்காலத்தில் கருநாடகக் கல்லூரிகள் பலவற்றில் இப்பாடம் கன்னட வழியிலும் பயிற்றப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது.

1965 ஆகஸ்டு 17 அன்று மைய அரசின் நிறுவனமொன்று புதுதில்லியில் தொடங்கப்பட்டபோது, ‘இதழியல்’ என்பதற்கு மாறாக ‘மாஸ் கம்யூனிகேஷன்’ என்பதே அதன் பெயரில் இடம்பெற்றது. வானொலி, திரைப்படம், விளம்பரம், வளர்ச்சிப் பணி ஆகிய அனைத்தையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த பெயர் அது. இந்தி அதனை ‘ஜன சஞ்சார்’ என ஒரே சொல்லால் நிலைநிறுத்திக்கொண்டது. தமிழுக்கு அது எளிதாக அமையவில்லை. ‘மக்கள் தொடர்பு’ என்றால் நிறுவனங்களின் விளம்பர அலுவலர் பணி நினைவுக்கு வருகின்றது. ‘தகவல் தொடர்பு’ தொலைபேசித் துறையையும் கணினித் துறையையும் சுட்டிவிடுகின்றது. எனவே ‘மக்கள் தகவல் தொடர்பியல்’, ‘வெகுமக்கள் தொடர்பியல்’ என நீண்ட ஆக்கங்கள் தோன்றின. ‘பத்திரிகைத் தொழில்’ என்பது ‘இதழியல்’ எனச் சுருங்கித் தமிழாகிய வேகத்தோடு இதனை ஒப்பிட்டால், கருத்து முழுமையும் வேற்றுமொழியிலேயே உருப்பெற்று வந்ததன் விளைவு விளங்கும்.

1989இல் சென்னை இலயோலாக் கல்லூரி ‘விஷுவல் கம்யூனிகேஷன்’ என்னும் பெயரில் மூன்றாண்டு இளம் அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியமை தமிழகத்தில் பெருந்திருப்பம். நிழற்படம், வரைகலை, விளம்பரம், ஒளிப்பதிவு ஆகியவை பள்ளிப் படிப்பை முடித்தவுடனேயே கற்கும் பாடங்களாயின. கலைப் பட்டமாக இல்லாமல் அறிவியற் பட்டமாக இது அமைந்ததும் கவனத்திற்குரியது: எழுதுகோலின் இடத்தைக் கருவி பெற்றது. 1991க்குப் பின் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சி பரவியதும், 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியதும் இப்படிப்புக்குப் பெருவரவேற்பைத் தந்தன. சுயநிதிக் கல்லூரிகள் பல இதனை மேற்கொண்டன. ‘காட்சித் தொடர்பியல்’ எனப் பாடத்திட்டத்தில் தமிழாக்கம் பெற்றாலும், மாணவர் வழக்கில் ‘விஸ்காம்’ என்பதே நிலைத்தது. மும்பைப் பல்கலைக்கழகமும் 2000ஆம் ஆண்டளவில் வெகுமக்கள் ஊடகத்திற்கெனத் தனி இளநிலைப் பட்டத்தை ஏற்படுத்தியது.

இங்குதான் மொழிச் சிக்கல் கூர்மை பெறுகின்றது. தமிழகப் பட்டப்படிப்பு முறையில் தமிழ் முதற்பகுதிப் பாடமாக முதலிரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். அதனைத் தமிழ்த்துறையினர் எல்லா மாணவர்க்கும் பொதுவாகக் கற்பிப்பர். செய்தி எழுதுதல், உரையாடல் அமைத்தல், விளம்பர வாசகம் புனைதல் ஆகியவை துறைப் பாடங்களில் அடங்குவன. அவற்றின் பயிற்றுமொழியோ பெரும்பாலும் ஆங்கிலம். ஆயினும் பட்டம் பெறுவோரை ஏற்கும் தொழில்கள் பெரிதும் தமிழில் இயங்குவன. நாடளவிலும் போக்கு இதுவே: 1979இல் இந்தி நாளிதழ்களின் விற்பனை ஆங்கில நாளிதழ்களின் விற்பனையை விஞ்சிவிட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி போபாலில் எழுந்த இதழியற் பல்கலைக்கழகம் இந்தி வழிக் கல்விக்கு இடமளித்தது. தமிழில் அதற்கு இணையாகச் சுட்டத்தக்க முயற்சி கல்வி நிறுவனங்களுக்கு வெளியில், நாளிதழ் அலுவலகத்திலேயே நிகழ்ந்தது. 1942இல் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், எளிய வாசகர்க்கு எழுதும் முறையை ‘இதழாளர் கையேடு’ என்னும் நூலில் வகுத்துரைத்தார். செய்தித் தமிழுக்கு ஓர் அலுவலகம் தானே இலக்கணம் செய்துகொள்ள நேர்ந்தது.

மா. பா. குருசாமி முதலியோர் தமிழில் எழுதிய இதழியல் நூல்கள் பயன்பட்ட இடமும் நோக்கத்தக்கது. அவற்றை மிகுதியும் கற்றவர்கள் இதழியலை விருப்பப் பாடமாக எடுத்த தமிழிலக்கிய மாணவர்களே. காட்சித் தொடர்பியல் வகுப்புகளை அவை எட்டியது அரிது. அவ்வகுப்புகளின் இறுதியாண்டு மாணவர் எடுக்கும் குறும்படத்தில் மாந்தர் பெரும்பாலும் தமிழில் பேசுவர். படத்தோடு தேர்வாளர்க்கு அளிக்கும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும்.