தேடியது சுத்தியல், கிடைத்தது புதையல்

மெட்டல் டிடெக்டர் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க இதைப் படிச்சிடுங்க.

1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் கிராமம். விவசாயி நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார் எரிக் லாஸ். கருவி கத்தியது. தோண்டினால் ரோமானியர் காலத்துத் தங்க, வெள்ளிக் காசுகள்!

கொஞ்சம் எடுத்தவர் அத்தோட நிறுத்திட்டு தகவல் சொன்னார். அதுதான் பெரிய விஷயம். குத்தின கத்தியை உருவாம அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்கன்னு நாங்க சொல்வோமே, அந்த மாதிரி. மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து பக்குவமா தோண்டினாங்க. பெட்டியோட மரம் மக்கிப் போயிருந்தும், உள்ளே எது எங்கே அடுக்கியிருந்ததுன்னு தெரிஞ்சது. காசுகள் மட்டுமே சுமார் 15,000.

பரிசு 17.5 லட்சம் பவுண்டு. விவசாயிக்கும் பங்கு கொடுத்தார். சுத்தியலும் கிடைச்சது; இப்போ அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கு.