'டேஞ்சர்' என்ற சொல்லின் பூர்வீகம்

மின்சார நிலையத்து வேலியில் தொங்கும் பலகையை மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். மலாயில் 'பஹாயா', ஆங்கிலத்தில் 'டேஞ்சர்', அப்புறம் சீனம், அதோடு நம்முடைய 'அபாயம்'. எல்லாம் சொல்வது ஒன்றைத்தான். ஆனால் பிறந்த கதை வேறு வேறு. அதிலும் ஆங்கிலச் சொல்லின் கதை தோட்டத்து மக்களாகிய நமக்கு ரொம்பவும் பழகிய கதை.

இலத்தீன் மொழியில் 'தொமினுஸ்' என்றால் எசமான். எசமானுடைய அதிகாரத்தைக் குறிக்க அதிலிருந்து பிறந்த சொல் பழைய பிரெஞ்சு மொழியில் திரிந்து, 13-ஆம் நூற்றாண்டில் 'டேஞ்சர்' என இங்கிலாந்துக்குள் நுழைந்தது. முதலில் அதற்கு ஆபத்து என்று பொருளில்லை. ஒருவருடைய 'டேஞ்சரில்' இருப்பது என்றால் அவர் பிடிக்குள் இருப்பது. அவர் நினைத்தால் தண்டிக்கலாம், மனசு வந்தால் விட்டுவிடலாம். கடன்பட்டவனும் கடன் கொடுத்தவனுடைய 'டேஞ்சரில்' இருந்தான். 1600-இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வர்த்தகன்' நாடகத்தில், ஷைலக்கிடம் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சிக்கிய அந்தோனியோவைப் பார்த்துப் போர்ஷியா கேட்கும் கேள்வியில் இச்சொல் இந்தப் பொருளில்தான் வருகிறது. எசமான் கையில் அகப்பட்டவனுக்கு எந்நேரம் என்ன வருமோ என்ற பயம் இருக்குமல்லவா? அப்படித்தான் 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆபத்து என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது.

எசமானை நம் பாட்டன்மார் 'துரை' என்றார்கள். அவர்களில் முன்னே வந்தவர்கள் கப்பல் செலவைக் கடனாகத் தலையில் சுமந்து, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தவர்கள். மலாயாவுக்கு அப்படி ஆள் எடுப்பது 1910-இல் நின்றது. துரையின் பிடி நின்றதா? 1941-இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பள உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் ஒன்று! சைக்கிளில் போவதற்கே போராட வேண்டியிருந்தது. தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். நம் கெடாவிலும் 1947-இல் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கிப் போலீசாரை எதிர்கொண்டார்கள். ஆங்கில அகராதி பக்கம் பக்கமாக விளக்கும் பழைய பொருளை, அந்நாளில் பிரட்டுக்களத்தில் நின்ற எந்தக் கிழவியும் ஒரே வரியில் சொல்லியிருப்பாள்.

சரி, மற்ற இரண்டு சொற்களுக்கு வருவோம். 'பஹாயா' என்பது சமஸ்கிருதத்து 'பய', அதாவது அச்சம். பூஜாங் பள்ளத்தாக்கில் சமஸ்கிருதக் கல்வெட்டுகள் கிடைத்திருக்கும் கெடாவில் இது வியப்பல்ல. நம் 'அபாயமும்' வடசொல்தான். ஆனால் அது 'பய' வழியில் வந்ததல்ல. 'அபாய' என்றால் நீங்கிப் போவது, அழிவது. (சுத்தத் தமிழில் வேண்டுமானால் இடர், ஏதம் என்று சொல்லலாம், வேலியில் எழுதினால் எத்தனை பிள்ளைகளுக்குப் புரியும்?) 'பஹாயா'வுக்கு உண்மையான சொந்தம் 'அபயம்'. 'பய'த்துக்கு முன்னே ஒரு 'அ' சேர்ந்தால் அச்சமின்மை, அடைக்கலம். கோயிலில் அம்மன் வலக்கையை உயர்த்திக் காட்டுவது அதைத்தான்.

சொல்வதெழுதுதலில் நம் பிள்ளைகள் 'அபாயம்' என்பதை 'அபயம்' என்று எழுதிவிடுவதுண்டு. நோட்டில் என்றால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். பலகை எழுதுகிறவர் அந்த ஒரு காலை விட்டுவிட்டாரானால், மின்சார வேலியே 'வா பிள்ளாய், நானிருக்கிறேன்' என்று கூப்பிடும்.