பித்தளையும் ஈயமும்: தமிழர் அடுக்களையில் கலம் பழுதுபார்த்தலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

செம்பு, பித்தளைக் கலங்களுக்கு ஈயம் பூசுதல், பற்றவைத்தல் ஆகிய பழுதுபார்ப்பு முறைகளைத் தமிழரின் பொருட்பண்பாட்டு வரலாற்றில் வைத்து இக்கட்டுரை நோக்குகிறது. பழுதுபார்த்தல் கலத்திற்கு நேரும் விபத்துக்கான எதிர்வினையாக மட்டும் இருக்கவில்லை. கலத்தை உடைமையாகக் கொண்டிருப்பதன் இயல்பான கூறாக இருந்தது. அலுமினியமும் எவர்சில்வரும் வந்தபோது ஒரு கைத்தொழிலோடு அதைச் சார்ந்த அடுக்களை அறிவும் மறைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: ஈயப்பூச்சு, கலாய், பற்றாசு, களிம்பு, பொருட்பண்பாடு, எவர்சில்வர்

முன்னுரை

என் தாய்வழிப் பாட்டியின் வீட்டில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. அதன் கழுத்தில் பாட்டியின் தாயாருடைய பெயர் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அடியில் உள்ளங்கை அகலத்திற்குச் செம்புத் தகட்டால் ஓர் ஒட்டு. உட்புறத்தில் ஈயப்பூச்சு பெரும்பாலும் தேய்ந்து, பக்கங்களில் மட்டும் சாம்பல் நிறத் திட்டுகளாக எஞ்சியிருக்கிறது. தவலையில் எழுத்தாக இருப்பது உடையவரின் பெயர் ஒன்றே. ஒட்டுப் போட்டவர் யார், ஈயம் பூசியவர் யார் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை.

வீட்டுப் பொருள்களின் பழுதுபார்ப்பை வரலாறாக எழுத முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே. பழுதுபார்த்தலைத் தமிழ்க் கல்வெட்டுகள் அறியாதவை அல்ல. கோயிலைப் பழுதுநீக்கிப் புதுக்குவதற்கென விடப்பட்ட நிலம் 'புதுக்குப்புறம்' எனப்பட்டது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரியைப் பேணும் பொறுப்பை ஏரிவாரியத்திற்கு ஒதுக்குகின்றன. இவற்றுக்கு நிலமும் பொன்னும் விடப்பட்டன; கணக்கு வைக்க வேண்டியிருந்தது; ஆகவே எழுத்தும் தேவைப்பட்டது. அடுக்களைக் கலத்திற்கு அறக்கட்டளை இல்லை. வாசலில் அரை நாளில் முடிந்து, கூலியோ தானியமோ கொடுத்து அனுப்பப்பட்ட வேலையை எவரும் பொறித்து வைக்கவில்லை. எனவே சொற்கள், நூல்களில் போகிற போக்கில் வரும் குறிப்புகள், எஞ்சியிருக்கும் கலங்கள் ஆகிய மூன்றையும் கொண்டே இவ்வரலாற்றை எழுத வேண்டியுள்ளது.

சொல்லில் எஞ்சிய பற்றாசு

கிழிந்ததைத் தைத்து உடுத்தல் சங்க இலக்கியத்தில் வறுமையின் அடையாளமாக வருகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் செல்லும் பொருநன் உடுத்தியிருந்த கந்தை, வியர்வையில் நனைந்து, வேற்று இழைகள் ஊடே நுழைந்த தையல்களோடு காட்டப்படுகிறது. அரசன் அதை நீக்கிப் புத்தாடை தருகிறான். பாடலின் நோக்கில் 'துன்னல்' களையப்பட வேண்டிய ஒன்று. தைத்த கை யாருடையது என்பது அங்கே பொருட்டன்று. புரவலனின் கொடைக்கு முன்நிலையாக மட்டுமே தையல் நிற்கிறது. இலக்கியத்தைச் சான்றாகக் கொள்ளும்போது இந்தச் சாய்வை மறத்தல் கூடாது.

உலோகத்தைப் பொறுத்தவரை நிலை வேறு. பொருத்துதலுக்கு இடையில் உருக்கி இடும் பொருள் 'பற்றாசு', சுருக்கமாக 'ஆசு' எனப்பட்டது. நேரிசை வெண்பாவில் முதற் குறட்பாவும் தனிச்சொல்லும் ஓசையில் ஒட்டாமல் நிற்கும்போது இடையே ஓரசையோ ஈரசையோ சேர்த்து இணைப்பதுண்டு. அவ்வாறு அமைந்தது ஆசிடை நேரிசை வெண்பா. யாப்பருங்கலக்காரிகையின் உரைமரபு இந்த ஆசினை விளக்க உலோகங்களைப் பொருத்தும் பற்றாசினையே ஒப்புமையாகக் கொள்கிறது. கவனிக்கத்தக்கது, யாப்பிலக்கணம் இதை வழுவாகத் தள்ளாமல் ஒரு வகையாக ஏற்றுப் பெயரிட்டிருப்பது. பட்டறையின் சொல் இலக்கணத்திற்குள் எவ்வித இழிவுமின்றி நுழைந்திருக்கிறது. இவ்வொப்புமை மாணாக்கருக்கு உடனே விளங்கியிருக்க வேண்டுமாயின், பற்றாசு இடுதலை அவர்கள் கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

இன்றைய வழக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. இலங்கைத் தமிழில் வாகனத்தையும் கடிகாரத்தையும் 'திருத்துகிறார்கள்', கட்டுரையையும் திருத்துகிறார்கள். தமிழ்நாட்டில் கட்டுரையைத் திருத்திவிட்டு, கடிகாரத்தை 'ரிப்பேர்' செய்யக் கொடுக்கிறோம்.

ஈயம் பூசுதல்

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளி, மோர், எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் பட்டால் செம்பு உணவில் கரையும். பச்சை நிறக் களிம்பு ஏறும். உண்டவருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். புளியை அடிப்படையாகக் கொண்ட தமிழர் சமையலில் இது ஒவ்வொரு நாளும் எதிர்ப்படும் சிக்கல். செம்பிற் களிம்பு எத்தனை முறை துலக்கினாலும் மீண்டும் ஏறுவது, செம்போடு உடன்பிறந்தது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்திற்கு இதை உவமையாக எடுத்தாண்டது அனைவரும் அறிந்ததே. தத்துவத்தில் களிம்பு நீங்க இரசகுளிகை வேண்டும். அடுக்களைக்கு அந்த வாய்ப்பு இல்லாததால் ஈயம் பூசப்பட்டது.

இங்கு ஈயம் என்பது வெள்ளீயம். அது 232 பாகை செல்சியசில் உருகும். செம்பு உருக 1085 பாகை வேண்டும். இந்த இடைவெளியே தொழிலின் அடித்தளம்: கலம் உறுதியாக நிற்கும்போதே ஈயம் அதன்மேல் நீராய் ஓடும். தெருவோரத்தில் குழி தோண்டிக் கரியிட்டு, துருத்தியால் ஊதி உலை மூட்டுவர். கலத்தைப் புளியும் மணலும் இட்டுத் தேய்த்துப் பழைய அழுக்கை நீக்கியபின் உலைமேல் சுழற்றிச் சுழற்றிச் சூடேற்றுவர். சூடேறிய உட்புறத்தில் நவச்சாரத்தைத் தூவியதும் வெண்புகை எழும். நவச்சாரம் வெப்பத்தில் பிரிந்து வெளிப்படும் ஆவி, உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை அரித்து நீக்குகிறது. அவ்வாறு தூய்மையான பரப்பில் மட்டுமே ஈயம் பற்றும். பின்பு ஈயத்தைத் தேய்த்து, துணியாலோ பஞ்சாலோ விரைந்து பரப்பி, கலத்தைத் தண்ணீரில் முக்குவர். வெப்பம் குறைந்தால் ஈயம் திரளும், மிகுந்தால் கருகும். அளவை இல்லாத இவ்வேலையில் கண்ணும் கையுமே கருவி. புகையை நாள்தோறும் முகத்தருகே ஏற்றுக்கொண்டவர்களின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்பதும் இத்தொழிலின் வரலாற்றைச் சேர்ந்ததே.

பூசிய ஈயம் நிலைக்காது. கரண்டி உரசுவதாலும் துலக்குவதாலும் தேயும்; உட்புறத்தில் மஞ்சள் தெரியத் தொடங்கும். எந்தக் கலத்தில் ஈயம் போய்விட்டது, எதில் இன்னும் சில மாதம் குழம்பு வைக்கலாம், எதைத் தண்ணீருக்கும் வெந்நீருக்கும் ஒதுக்க வேண்டும், மோரை எதில் ஊற்றிவைக்கக் கூடாது என்பனவற்றைத் தீர்மானித்தவர்கள் பெண்கள். ஈயம் பூசுபவர் கலத்தை ஆண்டில் ஓரிரு முறை பார்த்தார். அடுக்களையில் இருந்தவர் அன்றாடம் பார்த்தார். தொழிலாளியின் திறமையை மட்டும் பேசும் கைத்தொழில் வரலாறுகள் இந்த இரண்டாவது அறிவைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே கலம் அதன் பூச்சின் நிலைக்கேற்ப வெவ்வேறு பயன்களுக்கு இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. 'நல்ல கலம்', 'பழுதான கலம்' என்ற இருமை இங்கே பொருந்தாது.

அம்மியும் அவ்வாறே. அரைக்க அரைக்கக் கருங்கல் வழவழப்பாகும். அம்மி கொத்துபவர் உளியால் அதில் சிறு குழிகளை இட்டுப் பழைய சொரசொரப்பை மீட்பார். கொத்திய அம்மியில் முதலில் தவிட்டையோ அரிசியையோ அரைத்துக் கொட்டிக் கல்தூளை நீக்கிய பின்பே மசாலை அரைப்பர். அதுவும் வீட்டுப் பெண்கள் அறிந்திருந்த பக்குவமே.

ஓட்டையான கலத்திற்குப் பற்றவைப்பு. இதிலும் ஒரு தெரிவு இருந்தது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு தனி ஈயத்தினும் எளிதில் உருகும். சரியான விகிதத்தில் கலந்தால் 183 பாகையே போதும். தண்ணீர்க் குடத்திற்கு அது ஏற்றது. அடுப்பேறும் கலத்தின் அடியில் அவ்வொட்டு நிலையாது என்பதால் அங்கே வெண்காரத்தைத் துணைக்கொண்டு பித்தளைப் பற்று வைப்பதோ, தகடு வைத்துத் தறைவதோ வேண்டும். பாட்டியின் தவலையிலுள்ள செம்புத் தகடு இவ்வகைத் தறைவே.

காரீயத்தால் வந்த ஆபத்தும் சொல்லப்பட வேண்டியது. தமிழில் வெள்ளீயம், காரீயம் இரண்டுக்கும் 'ஈயம்' என்பதே பொதுப்பெயர். காரீயம் மலிவு, கலந்தால் எளிதில் உருகும், பூசியபின் வீட்டாரின் கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. அதுவோ நஞ்சு. பழைய முறைகள் எல்லாம் உடலுக்கு நல்லவை என்று இன்று பித்தளைக் கலங்களைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

ஈயம் வந்த வழி

ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்தது என்னும் பழமொழி, தன் குறையை அறியாமல் பிறரை இகழ்பவரைக் குறிக்கும். அடுக்களை வரலாற்றில் அது வேறொரு பொருளும் பெறுகிறது: ஈயம் இல்லையேல் பித்தளையில் குழம்பு வைக்க இயலாது. அந்த ஈயமோ கடல் கடந்து வந்தது.

ஈயப்பூச்சுக்குத் தமிழில் வழங்கும் 'கலாய்' என்னும் சொல் உருது வழியாக வந்தது. அதன் மூலம் அரபு. அரபுப் பயணிகள் குறிப்பிடும் கலா என்னும் மலாய்த் தீபகற்பத் துறைமுகத்தின் பெயரிலிருந்தே உலோகத்தின் பெயர் பிறந்தது என்பது பரவலான கருத்து. அத்துறைமுகத்தைக் கடாரத்தோடு ஒன்றாகக் காணும் அறிஞர்களும் உளர். அவ்வடையாளம் சரியாயின், 'கலாய் பூசலையோ' என்று தெருவில் எழுந்த குரல் தான் அறியாமலேயே கடாரத்தைக் கூவியிருக்கிறது. எனினும் இவ்விடத்தில் நிதானம் வேண்டும். தாய்லாந்தின் ஈயவளம் மிக்க தகுவாபாப் பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தாரைக் குறிப்பிடுகிறது. ஆனால் அது பேசுவது அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றி, ஈயத்தைப் பற்றி அன்று. அதைத் தமிழரின் ஈய வணிகத்திற்கு நேர்ச்சான்றாகக் காட்டுவது ஏற்புடையதாகாது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈய உற்பத்தியில் மலாயா முதலிடம் வகித்தது. 1942இல் அது ஜப்பானியர் வசமானபோது அவ்வழி அடைபட்டது. தஞ்சைப் பகுதியின் ஒரு தெருவில் கலத்திற்குப் பூச்சு கிடைக்குமா என்பது இவ்வாறு தொலைவில் முடிவாயிற்று. பழுதுபார்த்தலை 'தற்சார்பு' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்குவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அலுமினியமும் எவர்சில்வரும்

சென்னைக் கலைப்பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், செம்பு, பித்தளைக் கலங்களுக்கு மாற்றாக அலுமினியக் கலங்களைச் செய்யும் முயற்சியை 1898இல் அங்குத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது தனியார் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அலுமினியத்திற்கு ஈயம் பூச வேண்டியதில்லை. எடையும் விலையும் குறைவு. ஆனால் புளிப்பை அதுவும் தாங்காது. மேலும், பழைய பித்தளைக்கு எடைபோட்டுப் பணம் கிடைக்கும். அவசரத்திற்கு அடகு வைக்கலாம். நெளிந்த அலுமினியத்திற்கு அந்த மதிப்பு இல்லை. சீர்வரிசையில் பெயர் பொறித்துக் கொடுக்கப்பட்ட பித்தளையின் இடத்தை அதனால் எளிதில் பிடிக்க முடியவில்லை.

அதைச் செய்தது எவர்சில்வர். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருவேறா எஃகின் வழிவந்த இவ்வுலோகம், விடுதலைக்குப் பிந்தைய காலத்தில் தமிழக வீடுகளில் பரவியது; 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை இயங்கத் தொடங்கியபோது எவர்சில்வர் ஏற்கெனவே சீர்ப்பொருளாகிவிட்டிருந்தது. இதன் வேதியியல் நம் பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. எஃகில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தரைப் பங்கிற்குக் குறையாத குரோமியம் சேரும்போது, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறல் விழுந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனால் அப்படலம் தானே மீண்டும் படிகிறது. ஆண்டுதோறும் ஒருவர் உலை மூட்டிச் செய்த வேலையை உலோகம் ஓசையின்றித் தானே செய்துகொள்கிறது. ஈயம் பூசுபவர் போட்டியில் தோற்றார் என்று சொல்வது பொருந்தாது. அவர் செய்து வந்த வேலையே வாசலை விட்டு உலோகத்திற்குள் போய்விட்டது. 1985இல் பன்னாட்டு ஈய மன்றம் நிலைகுலைந்து உலகச் சந்தையில் ஈய விலை பெரிதும் சரிந்தபோதும் இத்தொழில் மீளவில்லை. ஈயத்தின் விலை மட்டுமே காரணம் அன்று என்பதற்கு இது ஒரு குறிப்பு.

ஒரு மறுபரிசீலனை

அண்மைக்காலச் சூழலியல் எழுத்துகள் பழுதுபார்த்தலை முன்னோரின் அறமாகக் காட்டுகின்றன. இதில் ஓரளவே உண்மை உண்டு. உலோகத்தின் விலை மிகுதியாகவும் மனித உழைப்பின் விலை மிகக் குறைவாகவும் இருந்த வரையில்தான் இம்முறை நடந்தது. கலத்தைத் தூக்கி எறியாத குடும்பம், ஈயம் பூசியவரைத் திண்ணைக்கு மேல் ஏற்றாத குடும்பமாகவும் இருந்திருக்கலாம். சிக்கனத்தைப் போற்றி எழுதும்போது அச்சிக்கனத்திற்கு யாருடைய கூலி ஈடாயிற்று என்று கேட்க வேண்டும்.

அதே வேளையில், எவர்சில்வரால் பெண்களின் வேலை குறைந்தது, ஆகவே இழப்பு ஏதுமில்லை என்பதும் அவசர முடிவாகும். வேலை குறைந்தது உண்மை; அது சிறு செய்தியும் அன்று. ஆனால் எந்தப் புளிப்பு எந்த உலோகத்தை என்ன செய்யும் என்ற அறிவு பாடநூலுக்கு வெளியே, எழுத்தறியாதவர்களிடமும் இருந்தது. என் தலைமுறையில் ஈயச்சொம்பை வெறுமையாக அடுப்பில் வைத்து உருக்கிவிட்டவர்கள் பலர். உள்ளே இரசம் இருக்கும்வரை ஈயம் உருகும் வெப்பத்தை எட்டாது என்பது பாட்டிக்குத் தெரியும். 232 என்ற எண் தெரியாது. எனக்கு எண் தெரியும்.

இவ்வறிவைச் சேகரிக்க இன்னும் சிறிது காலமே உள்ளது. வாய்மொழி வரலாறு தொகுப்போர் தொழிலாளர்களை மட்டுமன்றி, அவர்களை வாசலில் நிறுத்திப் பேரம் பேசி, பூச்சைத் தட்டிப் பார்த்து வாங்கிய மூதாட்டிகளையும் கேட்க வேண்டும். அருங்காட்சியகங்கள் கலங்களை வெளிப்புறம் தெரியக் காட்சிக்கு வைக்கும் வழக்கமும் ஆய்வாளருக்கு உதவாது. பூச்சும் தேய்வும் இருப்பது உள்ளே. ஒட்டு இருப்பது அடியில்.

பாட்டியின் தவலை இப்போது கூடத்தில் நிற்கிறது. பொங்கலுக்கு முன் அதன் வெளிப்புறத்தை மட்டும் புளியிட்டுத் துலக்குகிறோம். உள்ளேயுள்ள ஈயத் திட்டுகளின்மேல் குடைகள் சாய்ந்திருக்கின்றன.