ஆர்த்தோஜெனிக் பள்ளி

சோனியா சாங்மன் ஆர்த்தோஜெனிக் பள்ளி என்பது ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், சிக்காகோ நகரில் அமைந்த ஒரு சிறிய சிகிச்சைப் பள்ளி ஆகும். கடுமையான மனவெழுச்சிச் சிக்கல்கள் உடைய சிறுவர் சிறுமியர் தங்கிப் படிப்பதற்கான உறைவிடப் பள்ளியாக இது பெயர் பெற்றது. 1915ஆம் ஆண்டு தோன்றிய இப்பள்ளி, நீண்ட காலம் சிக்காகோ பல்கலைக்கழகத்துடன் இணைந்து இயங்கியது. 1944 முதல் 1973 வரை இதன் இயக்குநராக இருந்த புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல்களால் இப்பள்ளி உலகப் புகழ் அடைந்தது. அவர் இறந்த பின்னர் எழுந்த குற்றச்சாட்டுகளால் அப்புகழ் கேள்விக்கு உள்ளானது. ஒரு சிறிய நிறுவனம் ஒரே தலைவரை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கலாம், அத்தலைவர் விலகும்போது என்ன நேர்கிறது என்பதற்கு இப்பள்ளியின் வரலாறு அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பெயர்க் காரணம்

"ஆர்த்தோ" என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நேரான, சரியான என்று பொருள். "ஜென்" என்னும் வேர்ச்சொல் தோற்றத்தை அல்லது வளர்ச்சியைக் குறிக்கும். எனவே ஆர்த்தோஜெனிக் என்பதற்கு நேரிய வளர்ச்சிக்குரியது என்று பொருள் கொள்ளலாம். சோனியா சாங்மன் என்பது பள்ளிக்குக் கொடை வழங்கிய குடும்பத்தைச் சார்ந்த பெயராகும்.

தொடக்க காலம்

இப்பள்ளி முதலில் ரஷ் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தொடங்கப்பட்டது. பின்னர் சிக்காகோ பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. தொடக்கத்தில் வலிப்பு நோய், மூளை வளர்ச்சிக் குறைபாடு, நடத்தைச் சிக்கல் எனப் பல வகைப்பட்ட குழந்தைகள் இங்கு சேர்க்கப்பட்டனர். அவர்களைச் சோதித்து, எத்தகைய கல்வி பொருந்தும் என்று கண்டறிவதே அக்காலத்தில் முதன்மையான பணியாக இருந்தது. 1944க்கு முன் மருத்துவரும் உளவியலாளருமான மேண்டல் சேர்மன் இதன் இயக்குநராக இருந்தார்.

பெட்டல்ஹைம் காலம் (1944–1973)

புருனோ பெட்டல்ஹைம் 1903ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938ஆம் ஆண்டு நாசிகளால் கைது செய்யப்பட்டு, டாக்கோ, புக்கன்வால்ட் ஆகிய வதை முகாம்களில் அடைக்கப்பட்டார். 1939இல் விடுதலையாகி அமெரிக்கா சென்றார். 1944இல் ஆர்த்தோஜெனிக் பள்ளியின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

அவர் பொறுப்பேற்றதும் பள்ளியின் நோக்கமே மாறியது. உடற்கூறு சார்ந்த குறைபாடுடைய குழந்தைகள் படிப்படியாக வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அறிவுத்திறன் இருந்தும் மனவெழுச்சிச் சிக்கல்களால் வாழ இயலாத குழந்தைகளே சேர்க்கப்பட்டனர். பழைய ஊழியர்களில் பெரும்பாலோர் விலகினர். அவர்களுக்குப் பதிலாக இளம் பட்டதாரிகளும் பல்கலைக்கழக மாணவர்களும் பணியில் அமர்த்தப்பட்டனர்.

பெட்டல்ஹைமும் உளமருத்துவரான எம்மி சில்வெஸ்டரும் இணைந்து 1948இல் வெளியிட்ட கட்டுரையில் இப்பள்ளியின் முறை விளக்கப்பட்டது. இது சூழல்வழிச் சிகிச்சை எனப்படுகிறது. வாரத்தில் சில மணிநேரம் மருத்துவருடன் பேசுவது போதாது. எழுவது, உண்பது, குளிப்பது, உறங்கச் செல்வது என நாள் முழுவதும் குழந்தை வாழும் சூழலே மருந்தாக அமைய வேண்டும் என்பது இதன் அடிப்படை. வதை முகாமில் ஒரு சூழல் மனிதனின் ஆளுமையைச் சிதைக்க முடிந்ததைத் தாம் கண்டதாகவும், அதற்கு நேர்மாறான சூழல் ஆளுமையைக் கட்டியெழுப்பக் கூடும் என்று கருதியதாகவும் பெட்டல்ஹைம் எழுதினார்.

இக்கருத்து பள்ளியின் சிறு நடைமுறைகளிலும் வெளிப்பட்டது. பள்ளியின் கதவு வெளியிலிருந்து வருவோருக்குப் பூட்டப்பட்டிருந்தது. உள்ளிருந்து வெளியேற விரும்பும் குழந்தைக்குப் பூட்டப்படவில்லை. உணவு உடையக்கூடிய பீங்கான் தட்டுகளில் பரிமாறப்பட்டது. இனிப்புகள் நிறைந்த அலமாரி எப்போதும் திறந்திருந்தது. அதே வேளையில் பெற்றோரின் வருகை கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. குழந்தைகள் வாழும் பகுதிக்குள் பெற்றோர் அனுமதிக்கப்படவில்லை.

ஊழியர் அமைப்பு

குழந்தைகள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் ஒரு படுக்கைக் கூடத்தில் தங்கியது. ஒவ்வொரு குழுவுக்கும் கவுன்சிலர் எனப்பட்ட உடனுறை ஊழியர்கள் பொறுப்பாக இருந்தனர். இவர்களில் பலர் இருபது வயதைக் கடந்த இளம்பெண்கள். பகலில் ஆசிரியர்கள் பாடம் நடத்தினர். உளமருத்துவர்கள் ஆலோசனை வழங்கினர். ஆயினும் குழந்தையை எழுப்புவது முதல் உறங்க வைப்பது வரை உடனிருந்தவர்கள் உடனுறை ஊழியர்களே.

இப்பணி மிகக் கடினமானது. ஊழியர் பலர் பள்ளிக் கட்டடத்திலேயே வாழ்ந்தனர். நீண்ட நேர வேலைக்குப் பின் ஊழியர் கூட்டங்கள் நடைபெறும். அன்று நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி கூட அக்கூட்டங்களில் அலசப்படும். குழந்தை ஏன் அவ்வாறு செய்தது என்பதோடு, ஊழியர் ஏன் அவ்வாறு நடந்துகொண்டார் என்றும் பெட்டல்ஹைம் கேட்பார். இது சிலருக்கு வாழ்நாள் முழுவதும் பயன்பட்ட பயிற்சியாக அமைந்தது. வேறு சிலருக்கு அச்சம் தருவதாக இருந்தது.

சிகிச்சைப் பள்ளியில் ஊழியர் மாற்றம் என்பது வெறும் நிருவாகச் செய்தி அன்று. ஏற்கெனவே பெரியவர்கள் மீது நம்பிக்கை இழந்த குழந்தை, பல மாதங்கள் தயங்கிய பிறகே ஒருவரிடம் நெருங்குகிறது. அவர் திருமணம், மேற்படிப்பு, சோர்வு ஆகிய காரணங்களால் விலகினால், தான் மீண்டும் கைவிடப்பட்டதாகவே குழந்தை உணரக்கூடும். எனவே இத்தகைய பள்ளிகளில் ஊழியர் விலகலை முன்கூட்டியே குழந்தைகளுக்குத் தெரிவித்தல், விடைபெறக் கால அவகாசம் அளித்தல், புதியவரைச் சிறிது சிறிதாக அறிமுகப்படுத்துதல் ஆகியவை சிகிச்சையின் பகுதியாகவே கருதப்படுகின்றன. ஆர்த்தோஜெனிக் பள்ளியில் ஊழியர்கள் வந்து சென்றபோதும், மாறாமல் இருந்த ஒருவர் இயக்குநரே. பள்ளியின் வலிமைக்கும் வலுவின்மைக்கும் இதுவே காரணம் எனலாம்.

நூல்களும் புகழும்

"அன்பு மட்டும் போதாது" (1950), "வாழ்விலிருந்து ஓடியவர்கள்" (1955), "வெற்றுக் கோட்டை" (1967), "இதயத்திற்கு ஓர் இல்லம்" (1974) என்று பொருள்படும் பெயர்களில் பெட்டல்ஹைம் ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் இப்பள்ளியை மையமாகக் கொண்டவை. பிரான்சு நாட்டுத் தொலைக்காட்சியில் 1974இல் ஒளிபரப்பான ஆவணப்படம் அந்நாட்டிலும் இவரது பெயரைப் பரப்பியது.

இவற்றுள் "வெற்றுக் கோட்டை" மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானது. மதியிறுக்கம் (ஆட்டிசம்) என்னும் நிலைக்குத் தாயின் அன்பின்மையே பெருங்காரணம் என்ற கருத்தை இந்நூல் பரப்பியது. இதனால் பல்லாயிரம் தாய்மார்கள் தேவையற்ற குற்றவுணர்வுக்கு ஆளாயினர். உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்டு 1964ஆம் ஆண்டிலேயே மதியிறுக்கத்திற்கு உயிரியல் காரணங்கள் உண்டு என வாதிட்டிருந்தார். பிற்கால ஆய்வுகள் அவர் கருத்தையே உறுதிப்படுத்தின. இன்று தாயைக் குறைகூறும் கொள்கை பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது.

தம் பள்ளியில் சிகிச்சை பெற்ற மதியிறுக்கமுள்ள 40 குழந்தைகளில் 17 பேர் நன்கு தேறியதாகவும், 15 பேர் ஓரளவு தேறியதாகவும், 8 பேர் தேறவில்லை என்றும் பெட்டல்ஹைம் அந்நூலில் குறிப்பிட்டார். இது பள்ளியே செய்த மதிப்பீடு என்பதும், அக்குழந்தைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் மதியிறுக்கம் இருந்தது என்பது ஐயத்துக்குரியது என்பதும் விமர்சகர்களின் வாதமாகும்.

தலைமை மாற்றம்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒருவரே நடத்திய பள்ளியை இன்னொருவரிடம் ஒப்படைப்பது எளிதாக இருக்கவில்லை. முதலில் பெர்ட்ரம் கோலர் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். இவர் சிறுவயதில் இதே பள்ளியில் மாணவராக இருந்தவர். பின்னர் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். ஒரு காலத்தில் சிகிச்சை பெற்றவரே தலைவரானது இப்பள்ளி வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும். ஆயினும் அவர் சில ஆண்டுகளே அப்பொறுப்பில் இருந்தார். பெட்டல்ஹைம் அக்காலத்திலும் பள்ளியை விட்டு முழுமையாக விலகியிருக்கவில்லை.

1973இல் பெட்டல்ஹைம் ஓய்வு பெற்று, கலிபோர்னியாவுக்குச் சென்றார். அவரது பயிற்சியில் பல ஆண்டுகள் உடனுறை ஊழியராகப் பணியாற்றிய ஜாக்குலின் சாண்டர்சு இயக்குநரானார். இவர் 1993 வரை, அதாவது இருபது ஆண்டுகள் பள்ளியை நடத்தினார். தம் அனுபவங்களை "மனத்திற்கு ஒரு பசுமைக்குடில்" என்று பொருள்படும் நூலாக 1989இல் வெளியிட்டார்.

குற்றச்சாட்டுகள்

1990ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் பெட்டல்ஹைம் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டில் முன்னாள் மாணவர் சிலர் இதழ்களில் எழுதத் தொடங்கினர். குழந்தைகளை அடிக்கக் கூடாது என்று நூல்களில் எழுதிய பெட்டல்ஹைம், பள்ளியில் குழந்தைகளை அறைந்தார், பிறர் முன்னிலையில் இழிவுபடுத்தினார் என்று அவர்கள் கூறினர். அடித்தது உண்மையே என்பதை முன்னாள் ஊழியர்கள் சிலரும் ஒப்புக்கொண்டனர். எனினும் அது எவ்வளவு அடிக்கடி நிகழ்ந்தது, அதனைக் கொடுமை என்பதா அக்காலப் பள்ளிகளில் வழக்கமாயிருந்த தண்டனை என்பதா என்பவற்றில் கருத்து வேறுபாடு நிலவியது. அப்பள்ளியே தம்மைக் காப்பாற்றியது என்று எழுதிய முன்னாள் மாணவர்களும் உண்டு.

இதழாளர் ரிச்சர்டு பொல்லாக் 1997இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு பெட்டல்ஹைமைக் கடுமையாக விமர்சித்தது. பொல்லாக்கின் தம்பி இப்பள்ளியில் படித்தவர். 1948இல் விடுமுறையின்போது விபத்தில் இறந்தவர். தம் கல்வித் தகுதிகளைப் பெட்டல்ஹைம் மிகைப்படுத்திக் கூறினார் என்பதும் இந்நூலின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவர் வியன்னாவில் பெற்ற முனைவர் பட்டம் அழகியல் சார்ந்த மெய்யியல் ஆய்வுக்கானது. உளவியல் சிகிச்சைக்கானது அன்று.

ஊழியர்கள் ஏன் அக்காலத்தில் பேசவில்லை என்ற வினா இவற்றால் எழுந்தது. அவர்களை வேலைக்கு எடுத்தவரும், பயிற்றுவித்தவரும், அவர்கள் ஐயங்களுக்கு விளக்கம் அளித்தவரும் ஒருவரே. குழந்தைகளின் முறையீடு நோயின் அறிகுறியாகவும், ஊழியரின் மறுப்பு அவரது சொந்த மனச்சிக்கலாகவும் விளக்கப்படக் கூடிய சூழலில், மாற்றுக் கருத்துக்கு இடம் குறைவு. பெற்றோர் உள்ளே வர இயலாததால் வெளிக்கண்காணிப்பும் இல்லை.

பிற்காலம்

சாண்டர்சுக்குப் பின் வந்தவர்களின் காலத்தில் பள்ளி மேலும் மாறியது. பெற்றோரை விலக்கி வைக்கும் வழக்கம் மறைந்தது. 2014ஆம் ஆண்டு பள்ளி, பல்கலைக்கழகத்தை ஒட்டிய பழைய கட்டடத்திலிருந்து அருகிலுள்ள உட்லான் பகுதியில் கட்டப்பட்ட புதிய கட்டடத்துக்கு இடம் பெயர்ந்தது.

மதிப்பீடு

நாள் முழுவதும் வாழும் சூழலே சிகிச்சையாக அமைய வேண்டும் என்ற கருத்து, பல நாடுகளில் குழந்தைகள் இல்லங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் செல்வாக்குப் பெற்றது. மதியிறுக்கம் பற்றி இப்பள்ளியிலிருந்து பரவிய விளக்கம் தவறானது என நிறுவப்பட்டுவிட்டது. குழந்தைகளைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தலைவரின் நற்பண்பிடம் மட்டும் விட்டுவிடாமல், வெளியார் ஆய்வு, குழந்தைகள் முறையிடும் வழி, பெற்றோர் தொடர்பு ஆகியவற்றை உறுதிசெய்ய வேண்டும் என்பது இப்பள்ளியின் வரலாறு தரும் முதன்மையான படிப்பினையாகும்.

இவற்றையும் பார்க்க

மதியிறுக்கம்
உளப்பகுப்பாய்வு
உறைவிடப் பள்ளி
சிக்காகோ பல்கலைக்கழகம்